மேம்பாலத்தில் இடமில்லை

வேளச்சேரியில் ஒருவர் கார் வாங்கினால் மைலேஜ் எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை. "மழைக்கு எங்கே நிறுத்துவீங்க?" என்றுதான் கேட்பார்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் பெருமழை வருவதற்குள் எங்கள் மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. அபராதம் கிடையாது என்று போலீசே சொல்லிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பாலம் ஹவுஸ்ஃபுல். மனைவி முன் சீட்டில். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் அவள் மடியில். அப்படியே போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு விட்டேன். அந்த மலையில் காவலூர் மட்டுமே 725 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குப் பாலம் கட்ட எந்தக் காண்ட்ராக்டராலும் ஆகாது.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பெரியம்மா வீட்டில் தங்கினோம். சாமைச் சோறும் குழம்பும் போட்டார். நடுராத்திரி எங்கேயோ தண்ணீர் சலசலத்தது. மனைவி துள்ளி எழுந்தாள். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு அது. விடியும்போது பெரியம்மா வீட்டுக் குடம், அண்டா, இட்லிப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர்.

"ஏம்மா, ஓடையில ஓடுற தண்ணி எங்க போயிடப் போவுது? நாளைக்கும் இங்கதான ஓடும்?" என்றார் பெரியம்மா.

செய்யாறு பிறக்கிற மலையில் இருப்பவரிடம் இதை எப்படி விளக்குவது? 2019 கதையைச் சொன்னேன். அந்தக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். புறப்பட்ட இடம், இதே மலைக்குப் பக்கத்திலிருக்கும் ஜோலார்பேட்டை. ஒரு நடைக்கு ரயில்வே கட்டணம் ஏழரை லட்சம். தொகையிலேயே சனி உட்கார்ந்திருக்கிறது.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "இப்ப அதே ஊர்ல தண்ணி அதிகமாயிப்போச்சுன்னு இங்க ஓடியாந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் டிவிக்காரர்கள் சென்னைவாசியின் மன உறுதியைப் பாராட்டித் தள்ளினார்கள். பாராட்டுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை, வடிகாலுக்குத்தான் விட வேண்டும். எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அசரவில்லை. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். இதையும் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"வீட்டத் தூக்கறதுக்கு, ரோட்டத் தோண்டலாமே?" என்றார் பெரியம்மா. இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் நலச்சங்கத்தில் இதுவரை ஆள் இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் காவலூர் பக்கம் போனோம். வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கணித மேதை ராமானுஜன் பெயர் கொண்ட சிறுகோளை 1988இல் கண்டுபிடித்ததும் இங்கேதான். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருட்டு. இருட்டைப் பாதுகாக்க வேண்டிய சொத்தாக நினைக்கிறவர்கள் பூமியில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பொழுது சாய்ந்து கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போனதும் என் கை தானாகப் பவர் பேங்கைத் தேடியது. மனைவி, "டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு போல" என்றாள். தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. நாங்கள் மின்வாரியத்தின் புகார் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் வந்தது. மகன். சென்னையில், மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோ தூணுக்குக் குழி தோண்டுகிறானாம். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், அதில் ஏதோ ஒரு குழிக்காகத்தான் நான் தினமும் ஊரைச் சுற்றி ஆபீஸ் போகிறேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஸ்பீக்கரில் அவன் குரல் பதறியது.

"எம்மா, மழை வருதாம். குடத்துலல்லாம் தண்ணி புடிச்சு வெச்சியா? போனுக்குச் சார்ஜ் போட்டியா? பட்டாவ எடுத்துப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெய்யி!"

பெரியம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார்.

"இவனுக்கும் தொத்திக்கிச்சும்மா."