மூன்றாம் பாகமும் 12(3) ஒப்பந்தமும்

‘மேட்ரிக்ஸை முதல் பாகத்தோட நிறுத்தியிருக்கலாம் சார்.’ பெங்களூரு பொம்மசந்திராவில் இந்த வாரமும் ஒருவர் சொல்லிவிட்டார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மூன்றாம் பாகமான ‘ரெவல்யூஷன்ஸ்’ வெளிவந்தது 2003 நவம்பர் 5-ஆம் தேதி. உலகின் பல நாடுகளில் ஒரே நொடியில் திரையிட வேண்டும் என்று கிரீன்விச் நேரப்படி மதியம் 2 மணி குறித்தார்கள். நம் கடிகாரத்தில் மாலை 7:30, இரண்டாவது ஷிஃப்டில் இருப்பவனுக்கு எந்தப் பயனும் இல்லாத நேரம். 2 மணிக்குப் படம் தொடங்கியது என்றால் நாலரைக்குத் தீர்ப்பும் எழுதி முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்றுவரை, நேற்று ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக யோசித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் பதில் வராது, ஒரு சிரிப்பு வரும். முதல் பாகம் பிடித்தவன் ரசிகன். மூன்றாம் பாகம் பிடித்தவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை. மூன்றாம் பாகத்துக்கு வக்காலத்து வாங்கும் ஆளுக்குப் பக்கத்து நாற்காலி கேன்டீனில் எப்போதும் காலியாகவே இருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் மூன்றாம் பாகத்தின் முடிவு சரியானதுதான் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவதுதான் கனமானது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

முதல் காரணம் முதல் பாகத்திலேயே இருக்கிறது. 1999-இல் வந்த அந்தப் படத்தின் முடிவில் நாயகன் நியோ என்ன செய்கிறான்? இயந்திரங்களின் காவலாளான ஏஜென்ட் ஸ்மித்தின் உடம்புக்குள் பாய்ந்து அவனைச் சிதறடிக்கிறான். விசிலடிக்க வேண்டிய இடம், அடித்தாயிற்று. ஆனால் அந்த அடியில்தான் ஸ்மித் இயந்திரங்களின் கட்டுப்பாட்டிலிருந்து கழன்றுகொள்கிறான். அடுத்த இரண்டு படங்களில் ஊரையே தன் நகலாக்கி விழுங்கும் பூதம் வேறு யாருமில்லை, நாயகன் வாங்கிய முதல் வெற்றியின் ரசீதுதான். இரண்டாம் பாகத்தில் வெள்ளைத் தாடிக்கார ஆர்க்கிடெக்ட் மீதியையும் சொல்லிவிடுகிறார்: இரட்சகன் என்பதே இயந்திரங்களின் ஏற்பாடு, நியோ அந்த வரிசையில் ஆறாவது ஆள், மனிதர்களின் கடைசி நகரமான ஸையான் ஏற்கெனவே ஐந்து முறை அழிக்கப்பட்டிருக்கிறது. வெளியே இரண்டரை லட்சம் இயந்திரங்கள் நகரத்தைத் தோண்டிக்கொண்டு வருகின்றன. ஸையானில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆளுக்கு ஒன்று. இந்தக் கணக்கையெல்லாம் பாப்கார்ன் தின்றுகொண்டே கேட்டுவிட்டு, மூன்றாம் பாகத்தில் நியோ எல்லா இயந்திரத்தையும் அடித்து நொறுக்கவில்லையே என்று கோபப்படுவதற்குத் தனியாக ஒரு மனம் வேண்டும். முதல் பாகத்தோடு நிறுத்தச் சொல்பவர்கள், நாயகன் வினையை விதைத்த இடத்தில் படத்தை முடித்து, அறுவடையை யாரும் பார்க்கக் கூடாது என்கிறார்கள்.

முழு வெற்றியோடு முடித்த முத்தொகுதி இல்லையா என்றால், இருக்கிறது. ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்’, 1983. பேரரசரைப் பாதாளத்தில் தூக்கிப் போட்டு, அவருடைய ஆயுதக் கோளை வெடிக்கவைத்து, காட்டில் கரடிப் பொம்மைகளோடு ஆடிப்பாடி மங்களம் பாடினார்கள். அப்போதும் பாதிப் பேருக்குக் கரடிகள் பிடிக்கவில்லை. மங்களமாவது நிலைத்ததா? 2019-இல் அதே பேரரசர் எழுந்து வந்துவிட்டார். பாதாளத்தில் விழுந்த வில்லன் திரும்பி வருவான் என்பது நம் மாலைநேர சீரியல் எழுதுபவர்களுக்கும் தெரியும். பெங்களூரு பி.இ.எல்.லில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதிய சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பிறகு ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார்; மூன்றாவதாக ஒன்று எழுதவில்லை. இந்த ஊர்க்காரர்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது காரணம், அந்த முடிவு ஓர் ஒப்பந்தம் என்பது. இது பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இருக்கிறவர்களுக்கே புரியவில்லை என்பதுதான் தாங்க முடியாதது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் என்றால் என்ன என்று ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு பாருங்கள். நியோ இயந்திர நகரத்துக்குப் போகிறான். பார்வை போய்விட்டது, கூட வந்த காதலி ட்ரினிட்டியும் இறந்துவிட்டாள், கோரிக்கைப் பட்டியலில் ஒரே ஒரு வரி: சமாதானம். எதிரே நிர்வாகம், ஆயிரக்கணக்கான இயந்திரப் பூச்சிகள் கூடிச் செய்த ஒரு பிரம்மாண்டமான முகம். நிர்வாகம் எடுத்த எடுப்பில் என்ன சொல்லும்? நீ எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லும். சொல்கிறது. ஆனால் உங்கள் கைக்கு அடங்காமல் போன ஸ்மித்தை என்னைத் தவிர யாரால் நிறுத்த முடியும் என்பதே நியோவின் வாதம். யார் அந்த ஸ்மித்? தனக்குக் கீழே வருகிற அத்தனை பேரையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும் சூப்பர்வைசர். இப்படி ஒருத்தர் இல்லாத ஷிஃப்ட் உண்டா? நிர்வாகம் இறங்கி வருகிறது. இதற்கு முந்தைய படத்தில் நியோவின் குரு மார்ஃபியஸ் குகையில் நின்று பேசியது வாயிற்கூட்டம். அது முடிந்ததும் அங்கே விடிய விடிய ஆடினார்கள், நமக்கு டீயும் பன்னும். நியோவுக்கு வழிசொல்லும் குறிகாரி ஆரக்கிள் அம்மாள்தான் சமரச அதிகாரி. அவரும் இயந்திரங்கள் எழுதிய நிரல்தானே, நிர்வாகத்தின் ஆள்தானே என்று ஸையானில் முணுமுணுக்கிறவர்கள் இருக்கலாம். எந்தச் சமரச அதிகாரியைப் பற்றித்தான் அப்படி முணுமுணுக்கவில்லை? 18(1) ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்ட தரப்புகளைத்தான் கட்டும். 12(3) அப்படியல்ல, சங்கத்தில் சேராதவனையும் கட்டும். ஸையான் மக்களில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, பாதிப் பேருக்கு எதற்காக இயந்திரங்கள் திரும்பிப் போகின்றன என்றே தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பொருந்துகிறது. ஆகவே 12(3)தான், சந்தேகமே வேண்டாம். வெளியேற விரும்புகிறவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று கடைசியில் ஆர்க்கிடெக்ட் ஒப்புக்கொள்வது விருப்ப ஓய்வுத் திட்டம். இந்த அமைதி எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்கும்போது ஆரக்கிள் நாள் குறிக்காமல் நழுவுவதுதான் இதில் ஒரே ஓட்டை. நம்முடைய ஒப்பந்தங்களில் மூன்று வருஷமோ நாலு வருஷமோ அச்சடித்திருக்கும். போனஸ் ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். சட்டப்படிக் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்பது தொழிலாளிக்கு. மேட்ரிக்ஸில் மனிதன் பேட்டரி. பேட்டரி மூலப்பொருள் கணக்கில் வரும். மூலப்பொருளுக்கு யாரும் போனஸ் தருவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் 1947-ஆம் வருஷத்து அந்தப் பழைய சட்டமே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆகவே நியோவின் ஒப்பந்தம் இனி எந்தப் பிரிவில் வரும் என்று... போதும், வேண்டாம். ஒப்பந்தம் போட்டுவிட்டு வெளியே வருகிறவரைப் பார்த்து ‘இதுக்கா இத்தனை நாள் ஸ்ட்ரைக்?’ என்று கேட்கிறவரும், ‘ரெவல்யூஷன்ஸ்’ பார்த்துவிட்டு ‘இதுக்கா மூணு படம்?’ என்று கேட்டவரும் பல நேரம் ஒரே ஆள்தான் என்பதே நான் சொல்ல வந்தது.

நாயகன் பாதிப் படத்தில் காணாமல் போகிறான் என்பது அடுத்த புகார். உண்மைதான். படத்தின் தொடக்கத்தில் நியோ ஒரு வெறிச்சோடிய ரயில் நிலையத்தில் மாட்டிக்கொள்கிறான். சுரங்கத்துக்குள் ஓடினால் மறுபக்கம் அதே பிளாட்ஃபார்மில் வந்து நிற்கிறான், ரயில்காரன் மனசு வைத்தால்தான் ரயில். இதை மெதுவாகப் போகிறது என்று மற்ற ஊர்க்காரர் சொல்லலாம். 2025 ஆகஸ்ட் 10-இல் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறந்தபோது 16 நிலையங்களுக்கு மூன்றே ரயில்கள், 25 நிமிஷத்துக்கு ஒன்று. அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியின் வேகத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது? (முதல் பாகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டுமென்றால் நம்ம மெட்ரோவும் முதல் கட்டத்தோடு நின்றிருக்கும். பொம்மசந்திராவுக்கு ரயில் வந்தது இரண்டாம் கட்டத்தில்.) போதாததற்கு அந்த பிளாட்ஃபார்மில் நியோ சந்திப்பது யாரை? ராம-கந்திரா, கமலா, அவர்களுடைய மகள் சதி. மூவரும் நிரல்கள். அப்பா மின்நிலையத்தில் மறுசுழற்சிப் பிரிவின் மேலாளர், அம்மா மென்பொருள் எழுதுகிறவர். ஓசூர் ரோட்டில் இந்தக் குடும்பத்தை எந்த அபார்ட்மென்ட்டிலும் பார்க்கலாம். கமலாவாக நடித்தவரின் பெயர் தாரிணி முதலியார். மகளை எப்படியாவது பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தகப்பன் பெரிய இடத்து ஆளைப் பிடிக்கிறார், விலையாக ஆரக்கிளின் உடம்பையே அழிக்கும் குறியீட்டைக் கொடுக்கிறார். முதல் இரண்டு படங்களில் ஆரக்கிளாக நடித்த குளோரியா ஃபாஸ்டர் 2001-இல் காலமாகிவிட்டதால் மேரி ஆலிஸ் வர வேண்டியிருந்தது. நடிகை மாறியதற்குக் கதைக்குள்ளேயே காரணம் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு ஸீட் வாங்க ஊரார் சொத்தை விற்ற ஒரு தகப்பனைப் பார்த்து இந்தியப் பார்வையாளன் கொட்டாவி விடுகிறான் என்றால், கோளாறு படத்தில் இல்லை.

ஸையான் துறைமுகச் சண்டை நீளம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். பேர் நினைவில் நிற்காத ஆட்கள் இரும்புக் கவசத்துக்குள் நின்றுகொண்டு சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை யார் வெட்டியிருந்தாலும் புண்ணியம். ட்ரினிட்டி உடம்பில் கம்பி குத்திய பிறகு இவ்வளவு நேரம் பேசுகிறாளே என்பதை மட்டும் ஏற்க முடியாது. மூன்று குண்டு வாங்கிய பிறகும் தங்கைக்கு வரன் சொல்லிவிட்டுச் சாகும் அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இவ்வளவு நல்ல முடிவென்றால் 2021-இல் நாலாம் பாகம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஒப்பந்தம் காலாவதியானால் மறுபடி பேச்சுவார்த்தை வரும், அவ்வளவுதான். படத்துக்குள்ளேயே, தொடர்ச்சி வேண்டும் என்று மேலிடம் நெருக்குவதைக் கேலி செய்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் தருகிறவர்கள் வேறு. ‘மாயை, வேதாந்தம், எல்லாம் நம்ம சரக்குதான் சார், அவன் எடுத்துட்டான்’ என்று மேட்ரிக்ஸின் முதல் பாகத்துக்குப் பெருமைப்பட்டுவிட்டு, மூன்றாம் பாகத்தில் ஒன்றுமில்லை என்று அடுத்த வாயில் சொல்கிறவர்கள். மூன்றாவது காரணம் அவர்களுக்காகவே இருக்கிறது: மழையில் நியோவும் ஸ்மித்தும் மோதும் அந்தக் கடைசிச் சண்டையில் பின்னணியில் ஒரு பெரும் கூட்டம் பாடுவது சமஸ்கிருதத்தில், பிருகதாரண்யக உபநிடதத்தின் வரிகளை. முடிவில் பெயர்கள் ஓடும்போதும் அதே வரிகள் நிதானமாக, தெளிவாக வருகின்றன. அந்த நேரத்தில் நம் வேதாந்திகள் எல்லோரும் பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கொண்டு படியிறங்கியிருப்பார்கள்.