நான் வழங்கிய ஐபி முகவரிகள்

“ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் சார்” என்று நான் சொன்னபோது, என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. 2013. சென்னை ஓஎம்ஆரில் ஒரு சின்ன நிறுவனத்தின் கூட்ட அறை. கேள்வி எனக்கு எதிரே இருந்தவருக்கானது: நம் கிளவுட், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் ஓடுமா? அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நாங்கள் வைத்திருந்த மென்பொருளின் பெயர் கிளவுட்ஸ்டாக். 2008இல் கலிஃபோர்னியாவில் விஎம்ஆப்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் எழுதியது. 2010இல் அந்த நிறுவனம் கிளவுட்.காம் ஆனது, 2011இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கியது, 2012இல் மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்து வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ‘யார் வேண்டுமானாலும்’ நான்தான் என்று உறுதியாக நம்பினேன்.

விஷயம் இதுதான். ஹைப்பர்வைசர் ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பதாகக் காட்டும். ஸென், கேவிஎம், விஎம்வேர், ஹைப்பர்-வி எல்லாம் இந்த இனம். எங்களிடம் இடம் எடுக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் கணினிகள் மட்டும் பேசிக்கொள்ளத் தனி நெட்வொர்க் உண்டு. அந்த நெட்வொர்க்குக்கு ஒரு ரவுட்டர் வேண்டுமே, அதற்கு யாரும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பெட்டி வாங்கி வருவதில்லை. டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு குட்டிக் கணினியை ஹைப்பர்வைசருக்குள்ளேயே எழுப்பிவிடுவார்கள். முகவரி கொடுப்பது, பெயரைத் தேடித் தருவது, ஃபயர்வால், வெளியுலகத்துக்கு வழி, சுமையைப் பங்கிட்டு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. விர்ச்சுவல் ரவுட்டர் என்று பெயர்.

என் கணக்கு எளிமையானது. ரவுட்டரும் ஒரு விர்ச்சுவல் கணினி. ஹைப்பர்-வி விர்ச்சுவல் கணினிகளை ஓட்டும். ஆகவே ரெண்டு வாரம்.

தாம்பரம் கிழக்கில் வீடு. சேலையூர் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஊர்ந்து சோழிங்கநல்லூர் போய்ச் சேர்வதற்குள் மனசுக்குள்ளேயே பாதி புரோகிராம் எழுதிவிடலாம். நான் எழுதிவிடுவேன். அலுவலகத்தில் உட்கார்ந்ததும் அது ஓடாது, அவ்வளவுதான். கூடுவாஞ்சேரி மாமா வேறு, பார்க்கும்போதெல்லாம் ஸோஹோவை இழுப்பார். அவர்கள் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளோடு தொடங்கியவர்கள், 2009இல்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்பது மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். “நீயும் நெட்வொர்க்தானேப்பா?” என்பார். “ஆமா மாமா” என்பேன். அந்த ‘ஆமா’வுக்கு அப்போது எந்த ஆதாரமும் இல்லை.

முதல் சறுக்கல் ரவுட்டருக்கு உத்தரவு போடும் பாதையில். ரவுட்டர் எல்லோருக்கும் முகவரி கொடுக்கும், சரி. அதற்கு யார் வேலை சொல்வது? கேவிஎம்மில் ஒவ்வொரு சர்வரிலும் கிளவுட்ஸ்டாக்கின் ஏஜென்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது ‘கிளவுட்-ஜீரோ’ என்று ஒரு உள்பாலத்தைப் போட்டு, 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை ரவுட்டருக்குக் கொடுக்கும். அந்த முகவரி அந்த சர்வரைத் தாண்டி வெளியே போகாது. அது வழியாக 3922ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் போட்டு உள்ளே நுழைந்து வேலை வாங்கும்.

விண்டோஸில் அந்தப் பாலம் இல்லை. இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். பிறகு நானே ஒன்றைக் கட்டினேன். கட்டிய பிறகுதான், விண்டோஸ் பக்கம் நாங்கள் சி-ஷார்ப்பில் எழுதிய ஏஜென்டுக்கு எஸ்எஸ்எச் பேசத் தெரியாது என்பது உறைத்தது. விவேகமுள்ளவன் அங்கே நின்றிருப்பான். நான் சி-ஷார்ப்பில் எஸ்எஸ்எச் எழுத ஆரம்பித்தேன். மறையாக்கம் பற்றிப் புத்தகமெல்லாம் வாங்கினேன். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “விஎம்வேர்ல இதை எப்படிப் பண்ணியிருக்காங்க?”

விஎம்வேரிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே சர்வருக்குள் நம் ஏஜென்டையே உட்கார வைக்க முடியாது. அதனால் அங்கே 169.254 பேச்சையே எடுக்காமல், மேலாண்மை நெட்வொர்க்கிலிருந்தே ரவுட்டருக்கு ஒரு முகவரி ஒதுக்கியிருந்தார்கள். எங்கிருந்தோ ஆட்டிவைக்கும் மேலாண்மை சர்வரே நேராக ரவுட்டருக்குள் நுழைந்துவிடும். அந்த நிரல், நான் வேலை செய்துகொண்டிருந்த ஃபோல்டருக்கு அடுத்த ஃபோல்டரில் இருந்தது. “ஆமா, அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்” என்று அவளிடம் சொன்னேன்.

ரவுட்டர் கண் விழித்ததும் ‘நான் யார், என் முகவரி என்ன’ என்று தெரிந்துகொள்ளும் வழியும் ஒவ்வொரு ஹைப்பர்வைசரிலும் வேறு வேறு. ஹைப்பர்-வியில் அதைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக உள்ளே அனுப்ப வேண்டும். அதிலும் தடுக்கி விழுந்தேன், ஆனால் அது சுவாரசியமில்லாத விழுதல். ஒன்று மட்டும் சொல்லலாம்: 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்டே ஏறக்குறைய 20,000 வரி நிரலை லினக்ஸுக்குக் கொடுத்திருந்தது. ஹைப்பர்-விக்குள் லினக்ஸ் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக. மைக்ரோசாஃப்டும் லினக்ஸும் கைகுலுக்கிவிட்டன. நடுவில் நான்தான் தகராறு.

இனி, நான் முகவரிகள் வழங்கிய அந்தக் காலை.

டிஎச்சிபி என்பது உங்கள் வீட்டு வைஃபையில் தினமும் நடப்பதுதான். புதிதாக வரும் கருவி, ‘யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ, பெரும்பாலும் அவர் கொடுப்பதை எடுத்துக்கொள்ளும். ‘கொடுக்க நீ யார்?’ என்று கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. இது ஆபத்து என்பதால் கிளவுட்ஸ்டாக்கின் ரவுட்டரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலின் அமைப்பில் ‘ஸ்டாடிக்’ என்று ஒரு சொல் இருக்கும். பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் பதில் சொல், மற்றவர் கேட்டால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். சோதனை செய்யும்போது ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திருத்துவது எனக்குச் சோம்பலாக இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். சோதனை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தவறு, விலேன். ஒவ்வொரு வாடிக்கையாளரின் நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் ஒட்டப்பட்ட பாக்கெட்டுகள் அந்த நெட்வொர்க்கைத் தாண்டாது. ஹைப்பர்-வியில் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் எண்ணைப் பொருத்த வேண்டும். என் நிரல் பொருத்தச் சொன்னது. ‘முடியவில்லை’ என்று விண்டோஸ் பதில் கொடுத்தது. அந்தப் பதிலை நான் வாங்கிப் பார்க்கவே இல்லை. எண் ஒட்டாத பாக்கெட்டுகள் நேராகத் தெருவுக்கு வந்தன.

மூன்றாவது, சர்வர் அறையில் ஏசி அதிகம் என்பதால் சோதனைக் கணினியை என் மேசைக்கடியில் வைத்து, சுவரில் இருந்த அலுவலக நெட்வொர்க் சாக்கெட்டில் செருகியிருந்தேன்.

மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வேறு யாராவது கேள்வியாகக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன்.

அன்று நான் சீக்கிரம் வந்துவிட்டேன். ரவுட்டரை எழுப்பினேன். அது அழகாக எழுந்து, தனக்கு 10.1.1.1 என்று முகவரி வைத்துக்கொண்டது. கிளவுட்ஸ்டாக்கின் வழக்கமான எண் அது. சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன். அதற்குப் பின் அலுவலகத்துக்கு வந்து லேப்டாப்பைத் திறந்த ஒவ்வொருவருக்கும் 10.1.1 என்று தொடங்கும் முகவரியை என் ரவுட்டர் மனமுவந்து வழங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியின் சர்வரைவிட வேகமாக. வெளியே போக வழி கேட்டால் தன்னையே காட்டியது. அதற்குப் பின்னால் வெளி என்று எதுவும் இல்லை.

ஏற்கெனவே முகவரி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வாடகைக் காலம் பாதி முடிந்தபிறகுதான் மறுபடி கேட்பார்கள், அதுவும் பழைய சர்வரிடமே. ஆகவே சீக்கிரம் வந்தவர்களுக்கு நெட் இருந்தது, மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தவர்களுக்கு இல்லை. லேட்டாக வருகிறவர்களுக்கு எச்ஆர் நெட்டை நிறுத்திவிட்டது என்று ஒரு வதந்தி பரவியது. இரண்டு பேர் போய் மன்னிப்புக் கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

என் கணினிக்கு நிலையான முகவரி. எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதனால் பெருந்தன்மையோடு எழுந்து நின்று, இந்த நெட்வொர்க் டீம் என்னதான் செய்கிறது என்று மற்றவர்களோடு சேர்ந்து அலுத்துக்கொண்டேன். “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று ஆலோசனையும் வழங்கினேன். அதுவரை தப்பித்திருந்த சிலரும் ரீஸ்டார்ட் செய்து என் ரவுட்டரிடம் வந்து சேர்ந்தார்கள்.

குரோம்பேட்டை அண்ணன்தான் எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர். சத்தம் போடாத மனிதர். ஒரு லேப்டாப்பில் அந்த 10.1.1.1இன் மேக் முகவரியைப் பார்த்தார். பொதுவாக அதன் முன்பாதி, கார்டைத் தயாரித்த கம்பெனி எது என்று சொல்லிவிடும். இது 02 என்று தொடங்கியது. எந்தக் கம்பெனியும் இல்லை, ஏதோ மென்பொருள் தானாக வைத்துக்கொண்ட முகவரி என்று அதற்குப் பொருள். அந்த இடத்திலேயே அவர் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக ஞாபகம். பிறகு ஸ்விட்சில் அந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று எடுத்து, போர்ட்டிலிருந்து சுவர் சாக்கெட், சாக்கெட்டிலிருந்து கேபிள் என்று குனிந்தபடியே வந்து என் மேசையருகில் நின்றார்.

“தம்பி, காலை கொஞ்சம் நகத்துப்பா.”

கேபிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டவில்லை. அன்று மாலையே எல்லா ஸ்விட்சுகளிலும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டார்: உண்மையான சர்வர் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்தும் முகவரி வழங்கும் பாக்கெட் வந்தால் ஸ்விட்சே அதைக் கிழித்துப் போட்டுவிடும்.

அதே வாரம் கீழ்வீட்டு மாமி, “நீ நெட்வொர்க்லதானே இருக்கே, எங்காத்து வைஃபை வரலைடா, கொஞ்சம் பாரேன்” என்று அழைத்தார். போய் எல்லா விளக்குகளையும் உற்றுப் பார்த்தேன். ரவுட்டரைத் திருப்பி வைத்தேன். கேபிள் டிவிப் பையன் வந்து, தளர்ந்திருந்த ஒயரை அழுத்திவிட்டுப் போனான். மாமி எனக்குக் காபி கொடுத்தார். அவனுக்குக் காபியும் ஐம்பது ரூபாயும்.

பிறகு டெமோ. ஒரு வாடிக்கையாளர், ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நெட்வொர்க்கை அதில் இணைத்துக் காட்டச் சொல்லியிருந்தார். கேவிஎம்மில் அது சாதாரணம். நான் ஹைப்பர்-வியில் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. தாம்பரத்தில் நகர ஆரம்பித்துவிட்ட பீச் வண்டியில் ஓடிப்போய்த் தொற்றிப் பழகியவன், இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அன்றைய ஹைப்பர்-வி, ஓடும் கணினியில் நெட்வொர்க் கார்டைச் சேர்க்க விடாது. அதற்கு விண்டோஸ் சர்வர் 2016 வர வேண்டியிருந்தது. திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. “சர்வர் கொஞ்சம் ஸ்லோ” என்றேன். வாடிக்கையாளர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

மாற்றுவழி உண்டு. அன்று ஒரு கணினிக்கு எட்டுக் கார்டு வரை அனுமதி என்பதால், ரவுட்டர் பிறக்கும்போதே எட்டையும் வைத்து, தேவைப்படாதவற்றை எதிலும் செருகாமல் விட்டுவைக்கலாம். வேண்டும்போது செருகினால் போதும், புதிதாகச் சேர்க்க வேண்டாம். அதைச் செய்தேன். லினக்ஸ் கார்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். ஃபயர்வால் விதிகள் எல்லாம் ஒரு வீடு தள்ளிப் போய்க் காவல் நின்றன.

2014 மார்ச்சில் கிளவுட்ஸ்டாக் 4.3 வெளியானது. புதிய அம்சங்களில் முக்கியமானது ஹைப்பர்-வி ஆதரவு, விர்ச்சுவல் ரவுட்டர் உட்பட. நான் தட்டுத்தடுமாறிக் கொண்டிருந்த அதே மாதங்களில் அப்பாச்சியில் அதே வேலையைச் சிலர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள், ஒளிவுமறைவில்லாமல், எவரும் படிக்கும்படி. சி-ஷார்ப் ஏஜென்ட், மேலாண்மை நெட்வொர்க்கிலிருந்து முகவரி, எல்லாம் இருந்தது. நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வேலை போய்விடுமோ என்ற பயமும் அடிமனசில் இருந்திருக்கலாம். சார் என் நிரலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதையே போட்டுடு” என்றார்.

போட்டேன். இம்முறை சர்வர் அறையில், ஏசியில், முறையாக. ரவுட்டர் எழுந்தது. ஆனால் அதே சர்வரில் இருந்த கணினிகளுக்கு மட்டுமே முகவரி கிடைத்தது, அடுத்த சர்வரில் இருந்தவை கேட்டுக் கேட்டு ஓய்ந்தன. உள்ளூர ஒரு குதூகலம். அப்பாச்சிக்காரர்களும் தப்பு விடுவார்கள் போலிருக்கிறதே! நிரலை வரி வரியாக நோண்டினேன். கடைசியில் குரோம்பேட்டை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்விட்சைப் பார்த்துவிட்டு, அவரிடம் நான் அதுவரை கண்டிராத ஒரு சிரிப்பைச் சிரித்தார்.

“உனக்குன்னு போட்டதுதான்பா இது.”

ரவுட்டரின் பதில்கள் அடுத்த சர்வருக்குப் போகும் வழியில், என்னால் வந்த ஸ்னூப்பிங் அவற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் போர்ட்டுகளை நம்பகமானவை என்று மாற்ற ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். நீட்டினார். ‘இந்தப் போர்ட்டால் பிரச்சினை வந்தால் பொறுப்பு’ என்ற கட்டத்தில் என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது, இனிஷியலோடு.