குறுக்கே கிடக்கும் பந்து

ஆங்கிலத்தில் ‘ஸ்டைமீடு’ என்றொரு பெயரடை உண்டு. மேலே நகர வழியில்லாமல் முட்டி நிற்பதைக் குறிக்கும். கோல்ஃப் திடலிலிருந்து வந்த சொல். குழிக்கும் உங்கள் பந்துக்கும் நடுவே எதிராளியின் பந்து நந்தி மாதிரி கிடக்கும். பழைய விதிப்படி, இரண்டு பந்துகளுக்கும் இடையே ஆறங்குலத்துக்கு மேல் இருந்துவிட்டால் எடுக்கச் சொல்லவும் முடியாது. சுற்றியோ தாண்டியோ அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1952இல் அந்த விதியையே தூக்கிவிட்டார்கள். திடலில் வேலை போன சொல் சும்மா இருக்குமா? அலுவலக அறிக்கைகளில் இன்னும் வேலை பார்க்கிறது. ‘திட்டம் ஸ்டைமீடு’ என்று எழுதினால் போதும். தடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இலக்கணமே காட்டிக்கொடுக்காது.

கோல்ஃபிலாவது குறுக்கே கிடக்கும் பந்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.