வீட்டு நூலகர் பணியிடம் ஒப்பளிக்கக் கோருதல் – தொடர்பாக

பெறுநர்: கணினி கேம் விற்கும் அங்காடிகளின் நிர்வாகத்தார், அவரவர் லாஞ்சர் வழியாக.

பொருள்: ஒரே கணினியில் அரை டஜன் லாஞ்சர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சம்பளத்துடன் நூலகர் ஒருவரை நியமித்தல்.

லாஞ்சர் என்பது காசு கொடுத்து வாங்கிய கேமுக்கும் வாங்கியவருக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மென்பொருள். விற்பது, டவுன்லோட் செய்து தருவது, அப்டேட் போடுவது, வந்திருப்பவர் வாங்கியவர்தானா என்று பார்ப்பது ஆகிய நான்கும் அதன் வேலைகள். முதல் மூன்றை நன்றாகச் செய்கிறது. நான்காவதை அடிக்கடி செய்கிறது.

வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீம் என்னும் லாஞ்சரைக் கொண்டுவந்தது. முதலில் அது வால்வின் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்பும் ஏற்பாடாகத்தான் இருந்தது. மறு ஆண்டு வந்த ஹாஃப்-லைஃப் 2-ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கியவரும் ஸ்டீம் அக்கவுண்ட் திறந்தால்தான் ஆட முடியும் என்றானது. டிஸ்க் கையில், சாவி வால்விடம். இந்த வழி மற்றவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. 2011-ல் ஈஏ நிறுவனம் ஒரிஜின் என்னும் சொந்தக் கடையைத் திறந்தது. யூபிசாஃப்ட்டுக்கு யூப்ளே, பெதெஸ்டாவுக்கு ஒன்று, ராக்ஸ்டாருக்கு ஒன்று என்று கடைத்தெரு நீண்டது. காரணம் ரகசியமில்லை. ஸ்டீம் பொதுவாக விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2018 டிசம்பரில் வந்த எபிக் அங்காடி 12 சதவீதம் போதும் என்றது. சொந்தக் கடை போட்டால் அதுவும் மிச்சம். மிச்சப்பட்ட பணம் பதிப்பாளருக்குப் போயிற்று. வாங்குபவர் பங்குக்கு இன்னொரு பாஸ்வேர்டு வந்தது.

நூலகரின் தேவை இங்கேதான் தொடங்குகிறது. கடைகளின் பெயர்ப்பலகையும் நிலையாக இருப்பதில்லை. யூப்ளே 2020-ல் யூபிசாஃப்ட் கனெக்ட் ஆயிற்று. ஒரிஜினின் இடத்துக்கு 2022-ல் ஈஏ ஆப் வந்தது. அதே ஆண்டு மே மாதம் பெதெஸ்டாவின் லாஞ்சர் மூடப்பட்டு, அங்கே வாங்கியவர்களின் கேம்கள் ஸ்டீமுக்கு மாற்றித் தரப்பட்டன. அதைக் குறை சொல்ல முடியாது, கௌரவமாகவே செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கிறது.

அன்றாடப் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் ஸ்டீமில் வாங்கிய ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐத் திறக்கிறார். அதற்கு 150 ஜிபி இடம் ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. ஸ்டீம் தன்னை அப்டேட் செய்துகொள்கிறது. பிறகு ‘விளையாடு’ பட்டனை அழுத்தினால் திறப்பது கேம் அல்ல, ராக்ஸ்டாரின் லாஞ்சர். அதற்குத் தனி அக்கவுண்ட். பாஸ்வேர்டு மறந்திருக்கும், மாற்றுவதற்கான மெயில், கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த முகவரிக்குப் போயிருக்கும், அந்த மெயிலைத் திறக்க வரும் ஓடிபி, எப்போதோ விட்டுவிட்ட சிம்முக்கு. கேமுக்குள் பனிமலையில் குதிரை காத்திருக்கிறது. குதிரைக்காரர் தூங்கப் போய்விடுகிறார்.

அடுத்தது இரட்டைப் பதிவு, அதாவது ஒரே கேமை இரண்டு கடைகளில் வாங்குவது. எபிக் அங்காடிக்கு ஷாப்பிங் கார்ட் வந்ததே 2021 டிசம்பரில், கடை திறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. கூடையே இல்லாத அந்தக் கடையில் இலவசத்துக்கு மட்டும் குறைவிருக்கவில்லை. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐச் சும்மா கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. இப்படி வாரந்தோறும் வாங்கிப் போட்டதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதே கேம் பிறகு ஸ்டீம் சேலில் முக்கால்வாசி தள்ளுபடியில் கண்ணில் படும். ‘ஏற்கெனவே எபிக்கில் இருக்கிறதே’ என்று ஸ்டீம் சொல்லாது. பக்கத்துக் கடையில் துவரம்பருப்பு வாங்கியாயிற்று என்று எந்த அண்ணாச்சி நினைவூட்டுவார்?

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஜிஓஜி கேலக்ஸி 2.0 ஒன்று, இலவசமாகவும் திறந்த மூலநிரலாகவும் கிடைக்கும் பிளேநைட் இன்னொன்று. லினக்ஸ்காரர்களுக்கு ஹீரோயிக், லூட்ரிஸ். பிளேநைட் உண்மையிலேயே உருப்படியான வேலை: எந்த கேம் எந்தக் கடையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆடியது என்பதெல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ஆனால் ஆடத் தொடங்கினால் பின்னாலிருந்து அந்தந்தக் கடையின் லாஞ்சர் பெரும்பாலும் எழுந்து வந்துவிடும். லாஞ்சர்களைத் திறக்க ஒரு லாஞ்சர் என்பது இத்துறையின் தனிச்சாதனை.

இருப்புச் சரிபார்ப்பும் நூலகர் பொறுப்பே. 2014-ல் வெளியான தி க்ரூ கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்பதால் மொத்த கேமும் நின்றது. பிறகு வாங்கியவர்களின் உரிமமும் விலக்கிக்கொள்ளப்பட்டது. விற்பது உரிமம்தான் என்பதை மறைத்து ‘வாங்கு’ என்று எழுதக் கூடாது என்னும் கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அலமாரியில் எடுத்து வைக்கக்கூடிய பொருளை ஜிஓஜி அங்காடி தருகிறது: பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் கோப்பு. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டால், கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை நிறுவிக்கொள்ளலாம்.

பணியிட விதிகள் வருமாறு. கல்வித் தகுதி: பழைய மெயில் முகவரிகள் அனைத்தும் நினைவிருத்தல். ஊதியம்: வாரம் ஓர் இலவச கேம் ஊதியமாகக் கருதப்படாது. பொறுப்பு ஒப்படைப்பு: இயலாது. ஸ்டீம் ஒப்பந்தப்படி அக்கவுண்டை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்பதால், பிள்ளைகளுக்கு வாரிசு வேலை கோரும் விண்ணப்பம் எதுவும் இத்துடன் அனுப்பப்படவில்லை.

இணைப்பு: பதிவேடு, 40 பக்க நோட்டு ஒன்று. கடைசி நான்கு பக்கங்களில் பாஸ்வேர்டுகள் இருப்பதால் அவை கிழித்து எடுக்கப்பட்டுள்ளன.