தட்டி கிடைக்காத பிணங்கள்

1984-ல் எங்கள் கல்லூரி வாசலில் ஷாமியானா போட்டு ஈழப் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். மூங்கில் தட்டிகளில் 83 ஜூலைக் கலவரப் படங்கள். எரிந்த கடைகள், எரிந்த மனிதர்கள். கடைசித் தட்டிக்குப் பக்கத்தில் உண்டியல். பஸ் காசையும் அதில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போன பையன்கள் உண்டு. படங்களும் உண்மை, அழுததும் உண்மை.

1985 மே 14 அன்று அனுராதபுரம் பஸ் நிலையத்திலும் போதி மரத்தடியிலும் விடுதலைப் புலிகள் 146 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பயணிகள், பிக்குகள், கும்பிட வந்த பெண்கள். அந்த வருடமும் கண்காட்சி வந்தது. ஷாமியானா அதே, உண்டியல் அதே. அனுராதபுரத்துக்கு மட்டும் தட்டி கிடைக்கவில்லை போலும். விடுதியில் ஒருவன் கேட்டுப் பார்த்தான். "அதுக்கு முன்னால வல்வெட்டித்துறையில ஆர்மிக்காரன் சுட்டானே, அப்ப எங்கடா போயிருந்தே?" என்றார் சீனியர். அவன் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குத்தான் போயிருந்தான், எல்லோரையும் போல.

1986 மே 4, மதுரையில் ஈழ ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடு. என்.டி.ஆர்., வாஜ்பாய் எல்லாம் மேடையில். இரண்டே நாளில் இன்னொரு ஈழப் போராளி இயக்கமான டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகளே சுட்டுக் கொன்றார்கள். சகோதர யுத்தம் என்று பெருமூச்சு விட்டு, அடுத்த வேலையைப் பார்த்தோம்.

டெல்லியும் லேசுப்பட்டதல்ல. டேராடூன் பக்கம் ஈழப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே அரசின் படை, 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. டாக்டர், நர்ஸ், நோயாளி என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தூர்தர்ஷன் பார்த்து அதைத் தெரிந்துகொண்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

1990 ஜூனில் கோடம்பாக்கத்திலேயே ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் புலிகள் கொன்றபோதுகூட, டீக்கடையில் "அது அவங்களுக்குள்ள" என்றார்கள். பதினோரு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. விடிந்து போய்ப் பார்த்தால், அதே கடையில் புலிகளின் தலைவர் பிரபாகரன் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் திருச்செந்தூர் முருகன். முருகன் காலண்டர் சின்னது. சுற்றிலும் புகை படியாத சுவர் நீள்சதுரமாகத் தெரிந்தது. கடைக்காரர் யார் கண்ணையும் பார்க்காமல் டீ ஆற்றினார்.

இப்போது தட்டி, மூங்கில் எதுவும் தேவையில்லை. நவம்பர் பிறந்தால் அண்ணன் மகன் ஸ்டேட்டஸில் புலி உறுமும். ஒருநாள் பிரபாகரன் மகன் பாலச்சந்திரன் படத்தைக் காட்டினான். பன்னிரண்டு வயதுப் பையன், கையில் தின்பண்டம். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டு. யாருக்கும் வயிறு எரியும். அதே வயதை ஒட்டிய பிள்ளைகளை வீடு புகுந்து புலிகள் போருக்கு இழுத்துப் போனதற்குப் படம் வைத்திருக்கிறாயா என்றேன்.

"சித்தப்பா, அதெல்லாம் சிங்களவன் கட்டிவிட்டது."

மே 21 வந்தால் ஒருவர் ஸ்டேட்டஸில் ராஜீவ், இன்னொருவர் ஸ்டேட்டஸில் ராஜீவ் கொலை வழக்கில் சிறையிருந்து விடுதலையாகி வந்த பேரறிவாளன். ராஜீவுக்குப் பந்தோபஸ்துக்குப் போய் அங்கேயே செத்த போலீஸ்காரர்களை இரண்டிலும் தேடிப் பார்க்கிறேன், வருடாவருடம்.