தோள் மாத்துற காலம்

வாடா பேராண்டி. கொழும்புக் கடையில சாமான் கட்டுறவன் எப்படா எலும்பு டொக்டர் ஆன? அமெரிக்காவுல வருசத்துக்கு லட்சம் பேருக்கு மேல தோள்பட்டை மாத்திக்கிறாங்கன்னு போன்ல பாத்தியாம், உங்க பாட்டிக்கும் ஒண்ணு மாட்டிரலாமாம். மாட்டு, மாட்டு. லயத்துத் தகரம்தான் மாறல, தோளாவது புதுசாகட்டும்.

விசயம் தெரிஞ்சுக்கிட்டு மாட்டு. 1893லேயே பாரிசுல பீயான்னு ஒரு டொக்டர், காசநோய் அரிச்ச தோளுக்குப் பிளாட்டினமும் ரப்பரும் வச்சுப் பாத்தாரு. ரெண்டே வருசத்துல சீழ் பிடிச்சுக் கழட்டிட்டாங்க. 1950கள்ல நியூயோர்க்குல நீர்ங்கிறவரு உலோகக் குமிழ் வச்சாரு. ஆனா கூட்டம் அள்ளினது 1985ல பிரான்சுக்காரர் கிராமோன் செஞ்ச குசும்பாலதான். பந்து இருந்த இடத்துல கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்துல பந்து. உள்ள பிடிச்சிருந்த தசைநார் அறுந்து போனாலும் வெளித்தசையே கையைத் தூக்கிரும். துரை கொழுந்து பறிக்க, பாட்டி பங்களாவுல தேத்தண்ணி குடிச்ச மாதிரி. 2003 வாக்குல அமெரிக்காவும் சரின்னுச்சு. இன்னிக்கு அங்க மாத்துறதுல பாதிக்கு மேல இந்தத் தலைகீழ்த் தோள்தான். தலைகீழாப் போட்டாத்தான் வேலை நடக்கும்னு, 1867ல டெய்லர் துரை லூல்கந்துரவுல தேயிலை போட்ட நாள்லேர்ந்து நம்ம பக்கம் ஒருத்தருக்கும் தோணல பாரு.

பாட்டி மலையில நிக்கிறப்ப பாத்திருக்கியா? கிள்ளிக் கிள்ளிக் கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால பின்னாடி கூடைக்குள்ள வீசுவா. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, ஒரு இலை வெளிய விழாது. நிரை முடியுற வரைக்கும் அதே வீச்சுதான். நிறுவையில 18 கிலோ காட்டலன்னா அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். ராத்திரி அந்தக் கையால கொண்டை முடிய முடியாம, சித்தாலேப பூசிக்கிட்டு என்னைய ஏசுவா.

புதுத் தோள் வச்சா டொக்டர் என்ன சொல்லுவாரு தெரியுமா? பத்துப் பன்னெண்டு கிலோவுக்கு மேல தூக்காதீங்கம்மாம்பாரு. கணக்கப்புள்ள 18ம்பாரு. ரெண்டு பேரையும் ஒரே பிரட்டுல நிக்க வச்சு நீயே தீர்ப்பு சொல்லு. அமெரிக்காவுல எழுபது வயசுல தோள் மாத்துறவங்க திரும்பப் போய் கோல்ஃப் அடிக்கிறாங்களாம். நமக்கும்தான் நுவரெலியாவுல 1889லேர்ந்து கோல்ஃப் கிளப் இருக்கே, பாட்டிக்கு ஒரு சந்தா கட்டிவிடு.

கோவிச்சுக்காத ராசா. முதல்ல 2017ல மோடி வந்து தொறந்தாரே, அந்த டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தோள் வலியெல்லாம் மாத்துற வலி இல்ல. சீனி வருத்தம் இருந்தாலே தோள் இறுகிக்கும். விரலால சுவத்துல ஏறச் சொல்லிப் பயிற்சி குடுப்பாங்க. நார் அறுந்திருந்தா படம் எடுத்துப் பாத்துட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அப்ப பேசுவோம் உன் அமெரிக்காவ.

அதுவரைக்கும் பீலித் தண்ணியை நீ தூக்கு. என்னடா, உனக்கும் தோள் வலிக்குதா?