பதிவு பெற்ற பட்சி அபிமானி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளும் வெளிதேசம் சென்றுவிட்ட பிற்பாடு, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றையும் பச்சை இகுவானா ஒன்றையும் கூடத்தில் அமர்த்தி, அவற்றின் பரிபாலகராக விளங்கும் கனவான் ஒருவரைச் சென்னையின் வசதியான பேட்டைகளில் இப்போது சந்திக்கலாம். அவர் வீட்டில் விருந்தாளிக்கு முதல் தரிசனம் தருவது கிளியன்று; கல்யாணப் புகைப்படத்தை ஒரு முழம் தள்ளிவிட்டு, அந்த ஆணியில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கவிட்டிருக்கும் பதிவுச் சான்றிதழ்தான்.

காபி வருவதற்குள் அவர் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தான சைட்டீஸ் உடன்படிக்கையில் தொடங்கிவிடுவார். சாம்பல் கிளி 2017-இல் அதன் முதல் பட்டியலுக்கு ஏறியதை, காட்டில் அவ்வினம் அருகிவிட்டதன் அறிகுறியாகக் கொள்ளாமல், தம் கிளிக்குக் கிடைத்த பதவி உயர்வாகவே அவர் வர்ணிப்பார். 2020-இல், தம்மிடமுள்ள அயல்நாட்டுப் பிராணியை ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவிப்போரிடம் ஆவணம் கேட்பதில்லை என்று மத்திய அரசு அபயம் அளித்ததையும், 2022-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு அயல்நாட்டுப் பிராணிகளுக்கென நான்காம் அட்டவணை வந்ததையும், 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி அந்த அட்டவணைப் பிராணியின் பிறப்பு, இறப்பு, கைமாற்றம் யாவும் அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவாக வேண்டியிருப்பதையும் அவர் சரளமாக எடுத்துரைக்கும்போது, கேட்பவர் பிரமித்துப்போவார். ஆனால், இத்தனை விஷய ஞானமுள்ளவரிடம், அந்தக் கிளி எந்த வழியாகக் கடல் தாண்டி வந்தது என்று கேட்டுவிட்டால் மட்டும், “ஒரு சிநேகிதர் கொடுத்தார் சார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பெயராது.

பதிவு விண்ணப்பம் நிறைவேறும்வரை அவர் நாள்தோறும் தொலைபேசியில் நடத்திய சம்பாஷணைகளைச் சிரத்தையுடன் கேட்டு வளர்ந்த கிளி, ஸ்ரீராமா என்றோ அக்கா என்றோ சொல்லப் பழகவில்லை. கூண்டருகே யார் போனாலும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க” என்று அலுவலகக் குரலில் சொல்லி அனுப்பிவிடுகிறது.

மாமியார் ஊருக்குப் போனபோது, திண்ணைக் கூண்டில் பச்சைக்கிளியைக் கண்டு அவர் பதறிய பதற்றம் சொல்லத் தரமன்று.

“அத்தை, நம் தேசத்துக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். முதலில் திறந்து விடுங்கள்!”

“ஏன் மாப்பிள்ளே, சீமைக் கிளியை அடைச்சு வெச்சா கௌரவம், தோப்புக் கிளியை வெச்சா ஜெயிலா?”

கிழவியின் கேள்விக்கு நான்கு அட்டவணைகளிலும் பதில் தேடியவர், ஊர் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை என்பது மனைவியின் சாட்சியம். பச்சைக்கிளி மட்டும் மறுநாளே தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அவரைப் பீடித்திருக்கும் விசாரம் வேறு. சாம்பல் கிளி கூண்டிலும் நாற்பது, ஐம்பது வருஷம் ஜீவிக்கக்கூடியது. அவரோ எழுபதை நெருங்குகிறார். ஆகவே, கைமாற்றத்தை முறைப்படி பதிவு செய்ய ஏதுவாக, வீட்டையும் கிளியையும் சேர்த்தே உயிலில் எழுத உத்தேசித்து, புத்திரர் இருவருக்கும் தெரிவித்தார். “வீடு விஷயம் உங்கள் இஷ்டம் அப்பா; கிளியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று இருவரும் ஒருமித்துப் பதில் அனுப்பிவிட்டார்கள்.